பிடிப்பதா, சுடுவதா?

எங்கேனும் ஓரிடத்தில் வெடிகுண்டு வெடித்தது என்ற செய்தி பத்திரிகையில் வந்துவிட்டால் போதும். ரயில் வண்டியிலும், காப்பி ஹோட்டலிலும், மாலை வேளையில் வீட்டுத் திண்ணையிலும் ஒரே கேள்விதான் கிளம்புகிறது. "இந்தப் பாவிகளைப் பிடித்துக்கொண்டு வந்து, வக்கீல் அமர்த்திக் கொடுத்து, வருஷக் கணக்கில் விசாரணை நடத்தி, அதுவரையில் ஜெயிலில் சோறும் போட வேண்டுமா? கண்ட இடத்தில் சுட்டுத் தள்ளினால் காரியம் முடிந்து போகிறது!" இதைச் சொல்லுகிறவர் கொடியவர் அல்லர். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் என்றால் இராத்திரி முழுவதும் தூங்காமல் தவிக்கிறவராகவே இருப்பார். குண்டு வெடித்த இடத்தில் ஒற்றையாய்க் கிடந்த சின்னஞ்சிறு செருப்பைப் படத்தில் பார்த்த ஆத்திரம் அவரை அப்படிப் பேசச் செய்கிறது. சினிமாக் கொட்டகையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம் போட்ட நடிகர், கோர்ட்டுக்குப் போகும் வழியிலேயே வில்லனைச் சுட்டுவிடும்போது எழுகிற கரகோஷமும் அந்த ஆத்திரத்தின் கரகோஷந்தான்.

ஆத்திரத்தில் கேட்ட கேள்வி என்பதற்காக அதைத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. ஆனால், தர்ம சாஸ்திரத்தைப் புரட்டிப் பதில் சொல்லவும் நாம் விரும்பவில்லை. இதே கேள்வியை ஒரு சர்க்கார் நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அதற்கு விடையும் அளித்தது. அன்று நடந்ததைப் பிற்பாடு நியாயஸ்தலங்கள் நிமிஷக் கணக்காக ஆராய்ந்து பார்த்தன. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாறையடியில் ஓர் ஊர்

ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் வாசலைக் காத்துக்கொண்டு, ஜிப்ரால்டர் என்னும் பெரும் பாறை நிற்கிறது. 1704-ம் வருஷத்தில் அதைப் பிடித்துக்கொண்ட பிரிட்டிஷார் இன்றளவும் அதை விடவில்லை. (பிடித்ததை விடாத அந்தச் சுபாவம் நமக்குப் புதிதல்ல.) ஊர் மிகச் சிறியது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் காலாற நடந்தே போய்விடலாம். ஸ்பெயினிலிருந்து உள்ளே வருவதற்குத் தரை வழி ஒன்றே ஒன்றுதான். இந்த ஒரு விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐர்லாந்தின் விடுதலைப் போர் என்றால் நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு தனிப் பற்று உண்டு. ஆனால் 1969-க்குப் பிறகு வட ஐர்லாந்தில் மூண்ட போராட்டத்தில், ஐரிஷ் குடியரசுப் படை என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் செய்த காரியங்களைக் கேட்டால் அந்தப் பற்று நடுங்கிவிடும். கடைவீதியிலும் சாராயக் கடையிலும் குண்டு வைத்தார்கள். 1987-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, எனிஸ்கில்லன் என்ற ஊரில், யுத்தத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருந்தவர்கள் நடுவே குண்டு வெடித்து 11 பேர் மாண்டார்கள். நாம் சொல்லப் போகும் சம்பவம் அதற்கு நான்கே மாதங்களுக்குப் பின்னால் நடந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் மனநிலையை அறிய இது அவசியம்.

ஜிப்ரால்டரில் செவ்வாய்க்கிழமைதோறும் பாண்டு வாத்தியத்துடன் ராணுவக் காவல் மாறும் வைபவம் அந்தக் காலத்தில் நடந்து வந்தது. 1988 மார்ச்சு 8-ந் தேதி, அந்த வைபவத்தின்போது மோட்டார் காரில் குண்டு வைக்கச் சதி நடக்கிறது என்று உளவு கிடைத்தது. டானியல் மக்கான், ஷான் ஸாவேஜ், மைரேட் பாரெல் என்னும் யுவதி ஆகிய மூவரும் ஸ்பெயினில் மலாகா நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது 4-ந் தேதியே தெரிந்தது. பிரிட்டனிலிருந்து எஸ்.ஏ.எஸ். என்ற விசேஷ ராணுவப் பிரிவின் வீரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஜிப்ரால்டர் போலீஸ் கமிஷனர் 5-ந் தேதி ஓர் உத்தரவு தயாரித்தார். உயிர்களைக் காப்பது, சதியை முறியடிப்பது, குற்றவாளிகளைக் கைது செய்வது ஆகியவையே நோக்கம் என்று அதில் கண்டிருந்தது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

அன்று நள்ளிரவில் ஒரு கூட்டம் நடந்தது. வீரர்களுக்கு மூன்று செய்திகள் சொல்லப்பட்டன. முதலாவது, வருகிற காரிலேயே குண்டு இருக்கும்; இடம் பிடித்து வைப்பதற்காக வெறும் காரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தமாட்டார்கள். இரண்டாவது, குண்டை ரேடியோ மூலம் தூரத்திலிருந்தே வெடிக்கச் செய்யலாம். சட்டைப் பையிலுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மூன்றாவது, அவர்களிடம் ஆயுதம் இருக்கும். பிடிக்கப் போனால் பொத்தானை அழுத்தத் தயங்கமாட்டார்கள். வேட்டைக்குப் புறப்படும் சிப்பாயிடம் 'இருக்கலாம்' என்று யாரும் சொல்வதில்லை. 'இருக்கிறது' என்றே சொல்லுகிறார்கள். மூன்று செய்திகளில் ஒன்றுகூட உண்மையாக இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்

மார்ச்சு 6-ந் தேதி, நடுப்பகல் கழிந்த சிறிது நேரத்தில், ஸாவேஜ் ஒரு வெள்ளை ரெனால்ட் காரை ஓட்டிக்கொண்டு எல்லையைக் கடந்து வந்து, காவல் மாறும் வைபவத்துக்குப் படையினர் கூடும் இடத்துக்கு அருகில் நிறுத்தினான். அவன் ஸாவேஜ்தான் என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டரை மணி சுமாருக்கு மக்கானும் பாரெலும் எல்லையைத் தாண்டி நடந்து வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. மூவரும் சந்தித்தார்கள், காரைத் திரும்பிப் பார்த்தார்கள், ஊருக்குள் உலாவினார்கள். வெடிகுண்டு விஷயம் தெரிந்த ஒரு ராணுவ வீரர் காரைச் சுற்றி நடந்து பார்த்தார். திறந்து பார்க்கவில்லை. கார் புதிதாயிருக்க, அதன் ரேடியோக் கம்பி மட்டும் துருப்பிடித்துப் பழையதாயிருந்தது. சந்தேகத்துக்கு இடம் உண்டு என்று அறிவித்தார். அந்தத் துருப்பிடித்த கம்பியின் மேல் மூன்று உயிர்கள் தொங்கின.

மூன்றே முக்கால் மணிக்குச் சற்று முன்னால், கமிஷனர் ஒரு தாளில் கையெழுத்திட்டு, பொறுப்பைப் போலீஸாரிடமிருந்து ராணுவத்திடம் ஒப்படைத்தார். மூவரும் அப்போது எல்லையை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு பெட்ரோல் கடையருகே ஸாவேஜ் மட்டும் பிரிந்து, ஊர்ப் பக்கமாகத் திரும்பினான். மற்ற இருவரையும் இரண்டு வீரர்கள் பின்தொடர்ந்தார்கள். ஸாவேஜை இரண்டு வீரர்கள். அந்தச் சமயத்தில்தான் விதி விளையாடியது. ஸ்டேஷனுக்கு உடனே திரும்பி வரும்படி அழைக்கப்பட்ட ஒரு போலீஸ் கார், வாகனங்களின் நெருக்கடியில் வழி கேட்டுத் தன் அபாயச் சங்கை ஊதிவிட்டது. மக்கான் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்தவரின் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. அவனுடைய கை அசைந்தது என்றும், பொத்தானை அழுத்தப் போகிறான் என்று எண்ணியதாகவும் வீரர் பின்னால் சாட்சியம் சொன்னார். சில விநாடிகளில் மக்கானும் பாரெலும் வீழ்ந்தார்கள். சத்தம் கேட்டுச் சுழன்று திரும்பிய ஸாவேஜும் வீழ்ந்தான். கீழே விழுந்த பிறகும் குண்டுகள் பாய்ந்தன. இனி அசையமாட்டார்கள் என்று நிச்சயப்படும் வரையில் சுடுவதே அந்தப் பிரிவின் பயிற்சி. நாலு மணி அடித்துச் சில நிமிஷங்களில் கமிஷனர் மறுபடி கையெழுத்திட்டுப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு சோதனை போட்டார்கள். மூவரிடமும் துப்பாக்கி இல்லை. பொத்தானும் இல்லை. வெள்ளைக் காரில் குண்டும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு இடம் பிடித்து வைப்பதற்காக நிறுத்திய வெறும் கார் அது.

அப்படியானால் அவர்கள் நிரபராதிகளா? அல்லவே அல்ல. பாரெலின் கைப்பையில் ஒரு சாவி அகப்பட்டது. அதைத் தொடர்ந்து சென்ற ஸ்பெயின் போலீஸார், இரண்டு நாள் கழித்து மார்பெல்லா என்ற ஊரில் நிறுத்தியிருந்த வேறொரு காரைக் கண்டுபிடித்தார்கள். அதில் 64 கிலோ செம்டெக்ஸ் என்னும் வெடிமருந்து இருந்தது. அதனுடன் கடிகார விசைகள் இரண்டும் இருந்தன. கடிகார விசை! ரேடியோப் பொத்தான் அல்ல. அந்தப் பிற்பகலில் அவர்களில் எவர் எதை அழுத்தியிருந்தாலும் ஓர் இலைகூட அசைந்திராது.

பத்துக்கு ஒன்பது

1988 செப்டம்பரில் ஜிப்ரால்டரில் மரண விசாரணை நடந்தது. 79 சாட்சிகள் வந்தார்கள். வீரர்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்து, எழுத்துக்களையே பெயராகக் கொண்டு சாட்சியம் அளித்தார்கள். ஜூரிகளில் ஒன்பது பேர், சட்டத்துக்கு உட்பட்ட கொலைதான் என்றார்கள். இரண்டு பேர் ஒப்பவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார்கள். 1995 செப்டம்பர் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. பத்து நீதிபதிகள் ஒரு பக்கம், ஒன்பது பேர் மறு பக்கம். உயிர்வாழும் உரிமையை பிரிட்டிஷ் சர்க்கார் மீறிவிட்டது என்பது பதின்மரின் முடிவு.

அந்தத் தீர்ப்பைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டும். சுட்ட வீரர்களை அது குற்றவாளி என்று சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால், சுடாவிட்டால் பலர் மாள்வார்கள் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். குற்றம் வேறிடத்தில் இருந்தது. குண்டுக் கார் வரப்போகிறது என்று மனப்பூர்வமாக நம்பினால், ஒரே ஒரு வாசலுள்ள ஊரில், வாசலிலேயே அவர்களை ஏன் நிறுத்தவில்லை? போதிய சாட்சியம் இல்லாமல் பிடித்தால் விடுதலையாகி மறுபடி வருவார்கள் என்பது அதிகாரிகள் தரப்புச் சமாதானம். சாட்சியம் குறைவுபடும் என்பதற்காக, வெடிக்கும் என்று நம்பிய குண்டை ஊருக்குள் விடுவதா என்று கேட்டது கோர்ட்டு. உளவுச் செய்தி தவறாயிருக்கலாம் என்பதற்கு ஏன் சிறிதும் இடம் வைக்கவில்லை? சுட்டால் செத்து விழும் வரையில் சுடு என்று பழக்கப்பட்டவர்களிடம், கைது செய்யும் வேலையை ஒப்படைத்தது ஏன்?

எதிர்த்த ஒன்பது நீதிபதிகளும் சாமானியர்கள் அல்லர். நடந்த பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு குறை சொல்லுவது சுலபம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் பதின்மரின் கட்சியே சரி என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், எல்லையில் நிறுத்துவதா வேண்டாமா என்பது பின்னால் தோன்றிய யோசனை அல்ல. அன்று காலையில் அதிகாரிகளின் மேஜை மேலேயே இருந்த யோசனை. பிடிப்பதா, சுடுவதா என்ற கேள்விக்கு விடை துப்பாக்கி விசையின் மேல் விரல் வைத்தவனிடம் இல்லை. அவனிடம் வந்து சேரும்போது அரை விநாடிதான் மிச்சம் இருக்கிறது. முந்தின நாள் இரவு, விளக்கு வெளிச்சத்தில், காப்பி குடித்துக்கொண்டு பேசியவர்கள் அந்த விடையை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மூவரும் குண்டு வைக்க வந்தவர்களே என்பதால் நஷ்ட ஈடாக ஒரு காசும் கிடையாது என்று அதே தீர்ப்பு கூறியது. வழக்குச் செலவு மாத்திரம் 38,700 பவுன் கொடுக்க நேர்ந்தது.

மாண்டவர் பேசுவதில்லை

"குண்டு வைக்க வந்தவர்கள் என்று நீரே சொல்லுகிறீர், செத்தால் என்ன நஷ்டம்?" என்று திண்ணை நண்பர் விடமாட்டார். நஷ்டம் என்ன என்பதைப் பதினான்கு நாளில் பெல்பாஸ்டு நகரம் கண்டது. மார்ச்சு 16-ந் தேதி மூவரின் சவ அடக்கத்தின்போது எதிர்க் கட்சியைச் சேர்ந்த ஒருவன் கையெறி குண்டுகளோடு மயானத்துக்குள் புகுந்து மூன்று பேரைக் கொன்றான். 19-ந் தேதி, அம்மூவரில் ஒருவரின் சவ ஊர்வலத்துக்குள் தவறிப்போய்க் காரை ஓட்டிவந்த இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களை ஜனக் கூட்டம் இழுத்துப் போட, அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்று, எட்டாயிற்று. அந்த 64 கிலோ வெடிமருந்து யார் கை மாறி ஸ்பெயினுக்கு வந்தது என்பதைச் சொல்லக்கூடிய மூன்று வாய்களும் மண்ணுக்குள் போயின.

நண்பர் கையில் இன்னும் வலுவான சீட்டு ஒன்று உண்டு. பாரெல் 1976-லேயே ஹோட்டலில் குண்டு வைத்துப் பிடிபட்டுப் பத்து வருஷம் சிறையிலிருந்தவள். 1986-ல் வெளியே வந்தாள். இரண்டே வருஷத்தில் மறுபடி வெடிமருந்தோடு புறப்பட்டாள். சிறை அவளைத் திருத்தவில்லை என்பது மெய். ஆனால் அதே சிறை வழியாக வந்த மற்றொருவரையும் பார்க்க வேண்டும். 1973-ல் லண்டனில் பெரிய கிரிமினல் கோர்ட்டின் வாசலில் கார்க் குண்டு வைத்த வழக்கில் தண்டனை அடைந்தவர் ஜெரி கெல்லி. பிற்காலத்தில், 1998-ம் வருஷத்து சமாதான உடன்படிக்கைக்காகப் பேச்சு நடத்தியவர்களில் அவரும் ஒருவர். இளைஞனாயிருந்தபோதே அவரைச் சுட்டிருந்தால், அந்த மேஜையில் ஒரு நாற்காலி காலியாயிருந்திருக்கும்.

ஆளே மாறிப் போகிற ஆபத்தும் இருக்கிறது. 2005 ஜூலை 7-ந் தேதி லண்டனில் குண்டுகள் வெடித்து 52 பேர் இறந்தார்கள். 21-ந் தேதி வேறு நால்வர் வைத்த குண்டுகள் வெடிக்காமல் பிசகின. மறுநாள், அந்த நால்வரில் ஒருவன் என்று எண்ணிப் பூமிக்கடி ரயிலுக்குள் போலீஸார் ஒரு வாலிபனைத் தலையில் ஏழு முறை சுட்டார்கள். அவன் பிரேசில் தேசத்திலிருந்து பிழைக்க வந்த மின்சாரத் தொழிலாளி. ஒரு பாவமும் அறியாதவன். வேடிக்கை என்று சொல்ல நாக்கு கூசுகிறது: மெய்யான நான்கு குற்றவாளிகளும் ஒரு வாரத்துக்குள் உயிரோடு பிடிபட்டார்கள்! பர்மிங்ஹாமில் ஒருவன், லண்டனில் இருவர், ரோமாபுரியில் ஒருவன். 2007-ல் நால்வருக்கும் ஆயுள் தண்டனை. குறைந்தது 40 வருஷம். பிடிக்க முடியாது என்று சொல்லப்பட்டவர்களைப் பிடித்தார்கள். பிடித்திருக்கக் கூடியவனைச் சுட்டார்கள்.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் வீட்டுக் குறையைச் சொல்லிக்கொண்டே போவது நமக்கு அழகல்ல. 1942 ஆகஸ்டு 15-ந் தேதி, "வெள்ளையனே வெளியேறு" இயக்கத்தை நசுக்குவதற்காக லின்லித்கோ பிரபு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். சந்தேகப்பட்டவர்களை ராணுவ அதிகாரி சுட்டுக் கொல்லலாம், அவர் மேல் சர்க்கார் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம். சுதந்திரம் வந்து பதினோரு வருஷத்தில், 1958-ல், அந்தச் சட்டத்தை மாதிரியாகக் கொண்டே நாம் வடகிழக்குப் பிரதேசத்துக்கு விசேஷ அதிகாரச் சட்டம் செய்தோம். மணிப்பூரில் அதன் பலன் என்ன? 1979 முதல் 2012 வரையில் 1,528 பேர் போலி மோதல்களில் கொல்லப்பட்டதாக, மாண்டவர்களின் குடும்பத்தார் சுப்ரீம் கோர்ட்டில் மனுக் கொடுத்தார்கள். கோர்ட்டு 2013-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் ஒரு கமிஷனை அமைத்து, ஆறு சம்பவங்களை ஆராயச் சொன்னது. ஆறில் ஒன்றாவது மெய்யான மோதலாக இருக்கக்கூடாதா? ஒன்றுகூட இல்லை. மாண்டவர்களில் ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். கலவரப் பிரதேசமானாலும், ஆயுதம் ஏந்தியவனே ஆனாலும், அளவுக்கு மிஞ்சிய பலாத்காரத்துக்கு விலக்கு இல்லை என்று 2016 ஜூலை 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

அதற்கு முன்பே, 2014 செப்டம்பரில், பம்பாய்ப் போலீஸாரின் மோதல்களைப் பற்றிய ஒரு வழக்கில் அதே கோர்ட்டு சில விதிகளை வகுத்திருந்தது. மோதலில் ஒருவர் இறந்தால் வழக்குப் பதிய வேண்டும். சுட்ட ஸ்டேஷனைச் சேராதவர்கள் துப்பு விசாரிக்க வேண்டும். மாஜிஸ்டிரேட் விசாரணை வேண்டும். இவற்றோடு, சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத ஒரு விதியும் இருக்கிறது: சம்பவம் நடந்தவுடனே வீர விருதோ, முறை தவறிய பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது, வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான பிறகே கொடுக்கலாம். அந்த நீதிபதிகள் மனித சுபாவம் தெரிந்தவர்கள்.

வீரம் என்ற பேச்சு வந்ததால், பம்பாயிலேயே நடந்த மற்றொன்றைச் சொல்லி முடிக்கலாம். 2008 நவம்பர் 26-ந் தேதி இரவு வந்தவர்கள் உள்நாட்டார் அல்லர். பாகிஸ்தானத்திலிருந்து கடல் மார்க்கமாக வந்து, நூற்று அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள். சுடலாமா என்று யோசிக்க அவசியமே இல்லாத கட்டம் அது. கிர்காம் சௌபாட்டிக் கடற்கரையருகே போலீஸார் தடுப்புப் போட்டு ஒரு காரை மறித்தார்கள். உள்ளேயிருந்த இருவரில் ஒருவன் துப்பாக்கிச் சண்டையில் மாண்டான். மற்றவன் கஸாப். உதவி சப் இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே என்பவர் அவனை நெருங்கினார். முன்னாள் ராணுவ வீரர். அன்று கையில் இருந்தது தடி ஒன்றுதான். கஸாபின் துப்பாக்கிக் குழாயை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். விசை அழுந்தியது, குண்டுகள் அவர் உடலிலேயே பாய்ந்தன. அவர் குழாயை விடவில்லை. அந்த நேரத்தில் மற்றப் போலீஸார் பாய்ந்து கஸாபை உயிரோடு கட்டிப் போட்டார்கள்.

வந்த பத்துப் பேரில் உயிரோடு அகப்பட்டவன் அவன் ஒருவனே. எங்கே பயிற்சி, யார் அனுப்பியது, எந்தப் படகு என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தன. அவன் எங்கள் பிரஜை அல்ல என்று முதலில் சாதித்த பாகிஸ்தான் சர்க்கார், 2009 ஜனவரியில் ஆம் என்றது; பிப்ரவரியில், சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் தீட்டப்பட்டது என்றும் ஒப்புக்கொண்டது. கஸாபுக்கு வக்கீல் அமர்த்தப்பட்டார். விசாரணை, அப்பீல், கருணை மனு எல்லாம் நடந்தன. 2012 நவம்பர் 21-ந் தேதி புனா எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

2009-ம் வருஷத்துக் குடியரசு தினத்தன்று ஓம்ப்ளேக்கு அசோக சக்ரம் அறிவிக்கப்பட்டது. அந்த விருது கிடைத்தது, அவர் யாரையும் சுட்டதற்காக அல்ல.